நெட்டுருவும் கரிம ரசாயனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மூணாறு மலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் பத்தாம் வகுப்பு வரை தமிழில் பயின்ற நம் பிள்ளைகள், பதினோராம் வகுப்பில் ரசாயனத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். மொழியும் புதிது, பொருளும் புதிது. எனவே, விளங்காததை நெட்டுருப் போடுகின்றனர். கரிம ரசாயனத்தில் அது நெடுநாள் செல்லாது. வினைகளோ நூற்றுக்கணக்கானவை; ஒன்று மறந்தால் அடுத்ததும் குழம்பும். "எனக்கு விஞ்ஞானம் வராது" என்று நல்ல மாணவனும் படிப்பை மாற்றிக்கொள்வது இவ்விடத்தில்தான்.

'மரம்', 'வேர்' இரண்டும் சேர்ந்தால் 'மரவேர்' ஆகும். இத்தகைய சொற்களை எவரேனும் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதுண்டோ? தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் மூன்று விகாரங்களைக் கூறிற்று. அவற்றை உணர்ந்தவன் ஆயிரம் சொற்களைப் புணர்த்துவான். கரிம ரசாயனத்திலும் சேர்க்கை, பதிலீடு, நீக்கம் எனும் மூன்றும் தலையாய வினை வகைகள். உவமை முற்றும் பொருந்தாதுதான். தமிழ் கற்ற பிள்ளைக்கு வாயில் திறக்க இது போதும்.

அந்த வினைகளுக்கு அடிப்படையாவது எது? எலெக்ட்ரான் மிகுந்த இடம், எலெக்ட்ரான் குறைந்த இடத்தை நாடும். பெரும்பாலான வினைகளை இந்த ஒரு விதியால் விளக்கலாம்.

தேங்காயெண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் கலந்து சோப்பு செய்கிறோம். எண்ணெய் ஓர் எஸ்டர். அதில் ஒரு கார்பன் அணுவை இரட்டைப் பிணைப்பால் பற்றிய ஆக்சிஜன், எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கிறது. அந்தக் கார்பன் வறுமையுறுகிறது. சோடாவிலுள்ள ஹைட்ராக்சைடு அயனி, எலெக்ட்ரான் செல்வமுடையது. அது வறிய கார்பனைத் தாக்க, பழைய பிணைப்பு அறுகிறது. சோப்பும் கிளிசரினும் பிறக்கின்றன.

இனி, ஈரம் பட்ட பழைய ஆஸ்பிரின் மாத்திரையை முகர்ந்து பாருங்கள். காடியின் புளிப்பு மணம் வரும். அங்கும் ஓர் எஸ்டர்தான், தாக்குவது நீர், வெளிப்படுவது அசிட்டிக் அமிலம். நம் மலையில் விளையும் ஏலக்காயின் மணத்துக்கு முக்கியக் காரணமான ஆல்பா-டெர்ப்பினைல் அசிட்டேட்டும் எஸ்டர் இனமே. சோப்பை உணர்ந்த மாணவனுக்கு மாத்திரை புதுப் பாடமாகாது. விரைவாகப் படிக்கும் வழி என்று நான் சொல்வது இதனைத்தான். முதல் வாரம் மெதுவாகவே போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எலெக்ட்ரான் செல்லும் வழியை வளைந்த அம்புக்குறியால் காட்டும் முறையை, ராபர்ட் ராபின்சன் 1922-இல் கெர்மாக்குடன் எழுதிய கட்டுரையில் கையாண்டார். குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்திரி, மான்செஸ்டரில் அந்த ராபின்சனிடமே ஆராய்ச்சி செய்து 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்த் தாவரங்களின் நிறப்பொருள்களை ஆராய்ந்து புகழ்பெற்று, 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

நெட்டுருவே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம் முதலிய தொகுதிகளின் பெயரும் வடிவமும் நெடுங்கணக்குப் போன்றவை. அவற்றை மனத்தில் பதிக்கத்தான் வேண்டும். வினைகளையோ, புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் அம்புக்குறியிட்டு வரைந்து பார்க்க வேண்டும்.

தாய்மார்களே! ஆங்கிலம் அறியோமே என்று நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. மாலையில் பிள்ளையை அருகிலமர்த்தி, "மாத்திரையில் ஏன் காடி மணக்கிறது?" என்று தமிழிலேயே கேளுங்கள். அவன் தமிழிலேயே விடை கூறட்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறானோ, அந்த இடத்தில் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.