கப்பல் போனது, ஆட்கள் கரையேறினார்கள்

(பழைய மாணவர் கூடுகையின் காலை ஆராதனையில் பேசியது)



எஞ்சினீயரைப் பிரசங்கம் பண்ணச் சொன்னால் வேதத்திலும் கணக்கைத்தான் தேடுவான். எனக்குத் தோதான அதிகாரம் அப்போஸ்தலர் நடபடிகள் 27.

இத்தாலிக்குப் போகும் அலெக்சந்திரியா கப்பல். கோதுமைச் சரக்கு, 276 பேர், அதில் பவுல் ஒரு கைதி. இந்தப் பருவத்தில் கிரேத்தாவை விட்டுப் புறப்பட வேண்டாம் என்றார் பவுல். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். நானும் அதைத்தான் செய்திருப்பேன்!

புயல் பிடித்தது. பலகை பிரியாதபடி கப்பலைச் சுற்றி வடம் கட்டினார்கள். நடுராத்திரியில் ஆழம் பார்த்தால் 20 பாகம், சற்று தள்ளி 15. பின்புறம் நான்கு நங்கூரம் இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

பாய்க்கப்பல் ஓட்டிப் பழகிய ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1848-ல் இந்தப் பயணத்தைப் பற்றிப் புத்தகமே போட்டார். கிலவுதா தீவிலிருந்து மால்டாவுக்குச் சுமார் 475 மைல். அந்தக் காற்றில் கப்பல் மணிக்கு ஒன்றரை மைல் ஒதுங்கும் என்பது அவர் கணிப்பு. நானும் வகுத்துப் பார்த்தேன், 13 நாளுக்குக் கொஞ்சம் மேலே வருது. லூக்கா சொல்வது பதினாலாம் இராத்திரி!

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தினது இந்தக் கணக்கு இல்லை. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது, கப்பல் மட்டும் போகும் என்று தேவதூதன் சொன்னதாகப் பவுல் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அப்படியே நடந்தது. நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக் கரையேறினார்கள்.

நான் வேலை பார்த்த கம்பெனி தள்ளாடியபோது ஆறு மாசம் ஜெபித்தேன். யோசித்தால் கப்பலுக்காகத்தான் ஜெபித்திருக்கிறேன். கம்பெனி மூடியது மூடியதுதான். ஆனாலும் வீட்டில் ஒரு நாளும் அடுப்பு எரியாமல் இல்லை. அந்த வருஷத்து வரவு செலவை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கும் என் மனைவிக்கும் கணக்கு இடிக்கிறது.

பவுல் விஷயத்துக்கு வருகிறேன். ரோமுக்கு வர ஆசை என்று வருஷங்களுக்கு முன்பே அங்குள்ளவர்களுக்கு நிருபம் எழுதியவர். செசரியாவில் இரண்டு வருஷத்துக்கு மேல் காவலில் கிடந்து, கப்பலையும் இழந்து, கைதியாக வந்து சேர்கிறார். புத்தேயோலித் துறைமுகத்தில் இறங்கினால் அங்கே ஏற்கனவே சகோதரர்கள் இருக்கிறார்கள், பார்த்தீங்களா! யார் போய் அவர்களுக்குச் சொன்னது? லூக்கா பேர் எழுதவில்லை. வியாபாரியோ, மாலுமியோ, அடிமையோ, யாரோ இவருக்கு முன்னாலேயே சுவிசேஷத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அங்கிருந்து ரோமுக்குத் தரை வழி. செய்தி எட்டி, நகரத்திலிருந்து சிலர் அப்பியு புரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்து நின்றார்கள். அறுபது கிலோமீட்டருக்குமேல், ஒரு கைதியைப் பார்க்க. அவர்களைக் கண்டதும் பவுல் தேவனுக்கு நன்றி சொல்லித் தைரியமடைந்தார் என்கிறார் லூக்கா. புயலில் 276 பேருக்குத் தைரியம் சொன்ன மனுஷர்தான்.