உரம் விழுந்ததா, கண் சொல்கிறதா?



கைக்குழந்தை தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருந்தால், நம்ம திண்டுக்கல் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: "புள்ளைக்கு உரம் விழுந்திருச்சு." உரம் எடுக்கத் தெரிந்த பாட்டி யார் என்று தெருவெல்லாம் விசாரிப்பார்கள். பழைய சேலையில் போட்டு உருட்டுவதும், எண்ணெய் தடவி நீவுவதும் நடக்கும். அதே சாய்வு ஆறு வயதில் தெரிந்தால் வைத்தியம் இன்னும் சுருக்கம். "தலையை நேரா வச்சு உக்காரு!" வீட்டில் ஒரு தட்டு, பள்ளிக்கூடத்தில் ஒரு தட்டு, போட்டோ ஸ்டுடியோவில் ஓர் அதட்டல். மறு நிமிஷம் தலை பழைய இடத்துக்கே போய்விடும்.

கழுத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம். கண்ணை யாரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. அதில் ஒன்று மேல் சாய்தசை. மூக்கை ஒட்டிக் கண்குழிக்குள் ஒரு சின்ன வளையம் இருக்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல இந்தத் தசையின் நாண் அதற்குள் புகுந்து, திரும்பி வந்து விழியைப் பிடித்திருக்கிறது. இதை இயக்குவது மூளையிலிருந்து வரும் நான்காம் நரம்பு. பிறவியிலேயே இதில் பலவீனம் இருந்தால் அந்தக் கண் லேசாக மேலேறி நிற்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. ஆனால் தலையை எதிர்த்தோள் பக்கம் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது என்பதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். வலது கண்ணில் பலவீனம் என்றால் இடது தோள் பக்கம் சாயும். நாம் தட்டித் தட்டி நிமிர்த்தப் பார்ப்பது, பிள்ளை தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியத்தை!

வேறு விதங்களும் உண்டு. ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பாத பிள்ளை, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு டிவி பார்க்கும். விழி ஓயாமல் ஆடுகிற பிள்ளை, ஆட்டம் குறைகிற கோணத்தில் முகத்தை நிறுத்திக்கொள்ளும். மேலிமை தொங்கும் பிள்ளை தாடையைத் தூக்கிப் பார்க்கும். பாவம், 'திமிர் பிடிச்சது' என்று பெயரும் வாங்கும். சிலருக்கு வெறும் சிலிண்டர் பவர்தான், கண்ணாடி போட்டாலே தலை நிமிர்ந்துவிடும்.

கழுத்துத் தசை இறுகிப் பிறக்கிற குழந்தைகளும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். கழுத்தில் சின்னக் கட்டி தட்டுப்படலாம், ஒரு பக்கம் திரும்பவே சிரமப்படும். அதற்கும் சேலையில் உருட்டுவது மருந்தில்லை. சீக்கிரமே தொடங்கும் பிசியோதெரபிதான் மருந்து. கண்ணால் வரும் சாய்வு, குழந்தைக்குத் தலை நின்று, எதையும் உற்றுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பளிச்சென்று தெரியும். கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பும். தூங்கும்போது பெரும்பாலும் சாய்வு இருக்காது.

பிள்ளை டிவியில் மூழ்கியிருக்கும்போது உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. தலை தானாக நிமிர்ந்தால் சந்தேகம் கண்மேல்தான். நிமிராவிட்டால் கண்ணில் ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடாது. விழி ஆடுகிறவர்களுக்கு நிமிராமலே இருக்கலாம்.

மாவீரன் அலெக்சாண்டரின் தலை இடப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அதற்குக் கண் தசைதான் காரணமோ என்று மருத்துவர்கள் இன்றும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரைத் தலையில் தட்ட ஆளில்லை.

"தானாவே சரியாயிருச்சு" என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். எனக்கு அதில்தான் பயம். சாய்வு இருக்கும்வரை பிள்ளை இரண்டு கண்களையும் சேர்த்துப் பயன்படுத்த முயல்கிறது. மூளை ஒரு கண்ணின் பார்வையை ஒதுக்கிவிட்டால் சாய வேண்டிய அவசியமே போய்விடும். அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும். ஆண்டுக்கணக்கில் சாய்வை விட்டுவைத்தாலும் முகத்தின் இரு பக்கமும் ஒத்துப்போகாமல் வளரக்கூடும். கண்ணாடியில் தீராததற்கு மாறுகண் அறுவை சிகிச்சை உண்டு. விழிக்குள் கத்தி போகாது, வெளியே ஒட்டியிருக்கும் தசையில்தான் வேலை.

எங்கே காட்டுவது? ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இப்போது திண்டுக்கல்லிலும் இருக்கிறது. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வரும். ஆனால் டாக்டரைக் கண்டதும் பிள்ளை விறைத்து நேராக நிற்கும். அதனால் நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செல்போனில் இருக்கிற மொட்டை போட்ட படம், காதுகுத்துப் படம் எல்லாவற்றையும் காட்டுங்கள். சாய்வு எப்போது தொடங்கியது என்று அவை சொல்லிவிடும்.

நேற்றுவரை நேராக இருந்த தலை திடீரென்று சாய்ந்தால் மட்டும் போட்டோ தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தலைவலி, காலை வாந்தி, தள்ளாட்டம், காய்ச்சல், தலையில் அடிபட்டது, இதில் எது சேர்ந்திருந்தாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.