பாதியில் நின்றுவிடும் தடுப்பூசி



மழைக்காலத்தில் பால்வெட்டும் பட்டையில் மருந்து பூசுகின்றோம். வெட்டிய இடத்தில் பூசணம் பிடித்துப் பட்டை அழுகிவிடலாகாது என்பதே அதன் நோக்கம். அழுகிய பின் பூசிக்கொள்ளலாம் என்று நாம் காத்திருப்பதில்லை. ஒரு முறை பூசியதோடு விட்டுவிடுவதும் இல்லை. மரத்திற்குக் காட்டும் இந்த முன்யோசனையை நாம் பெற்ற மக்களுக்கும் காட்டுகின்றோமா?

தடுப்பூசியை அறியாத பெற்றோர் இன்று நம்மிடையே மிகச் சிலரே. குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கும் ஈரல் அழற்சிக்கும் ஊசி போடப்படுகின்றது. 2, 3, 5ஆம் மாதங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு நோய், இளம்பிள்ளைவாதம் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கு ஒரே ஊசியில் காப்பு அளிக்கப்படுகின்றது. 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி உண்டு. 18ஆம் மாதத்தில் ஆறு நோய் ஊசியை மீண்டும் போட வேண்டும்.

தாய் வீட்டில் இருக்கும் வரை இவை தவறுவதில்லை. அவள் வேலைக்குத் திரும்பி, குழந்தை பாட்டியிடமோ ஆயாவிடமோ வளரத் தொடங்கிய பின்னரே பிந்திய ஊசிகள் விட்டுப்போகின்றன. "முன்பே போட்டாகிவிட்டதே, போதாதா?" என்று எண்ணிவிடுகின்றோம். போதாது. முதல் ஊசியால் எல்லாக் குழந்தைகளுக்கும் முழு எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. அடுத்த ஊசிகளே அதனை உறுதியாக்கி நிலைக்கச் செய்கின்றன.

"கிளினிக்கிற்குப் போனால் ஒரு நாள் வேலை கெடுமே" என்பது நியாயமான கவலைதான். ஆனால், நோயுற்ற பிள்ளையுடன் மருத்துவமனையில் எத்தனை நாள் கழிக்க நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறதே" என்றும் அஞ்சுகின்றோம். இலேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். வலிப்பு வந்தாலோ, கடுங்காய்ச்சல் நீடித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அம்மை கண்டால் வேப்பிலை செருகி அம்மனை வேண்டுவது நம் வழக்கம். அதனை யாரும் குறை கூறவில்லை. ஆயினும் ஊர் ஊராக உயிர்களைக் கொண்டுபோன பெரியம்மை உலகை விட்டே அகன்றுவிட்டது என்று 1980ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததற்குத் தடுப்பூசியே காரணம்.

நோய் மறைந்துவிட்டது என்று நாம் அயர்ந்துவிடலாகாது. நம் நாட்டில் 1992க்குப் பின் இளம்பிள்ளைவாதம் எவரையும் தாக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அந்நோய் அற்ற நாடு என்ற பெயரும் பெற்றோம். ஆனால் 2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப் பின், சபா மாநிலத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்றை அது தாக்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜொகூரில் இரண்டு வயதுக் குழந்தை தொண்டை அடைப்பானால் உயிரிழந்தது. ஊசி பெறாத பிள்ளைகள் பெருகும் இடத்தில் இத்தகைய நோய்கள் எளிதில் பரவும். ஊசி போடும் வயதை எட்டாத பச்சிளம் குழந்தைகளுக்கும் அதனால் ஆபத்து. எனவே நம் பிள்ளைக்குப் போடும் ஊசி அடுத்த வீட்டுத் தொட்டில் குழந்தைக்கும் அரணாகின்றது.

இன்றிரவே ஒரு காரியம் செய்வோம். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்போம். ஏதேனும் ஓர் ஊசி விட்டுப்போயிருந்தால் வெட்கமோ அச்சமோ வேண்டாம். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். புத்தகம் தொலைந்திருந்தாலும் குழந்தையை அழைத்துச் சென்று தாதியிடம் சொல்வோம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் குடிமக்களின் பிள்ளைகளுக்கு இவ்வூசிகள் இலவசமாகவே போடப்படுகின்றன.

தொடங்கியதை முடிப்போம், நம் செல்வங்களைக் காப்போம்.