பீடி குடித்தவருக்கு அரசுப் பணத்தில் வைத்தியமா?

(கூமாப்பட்டியில் நடந்த மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வயக்காட்டு வேலையைப் போட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறோம். நாங்கள் போகிற குழுக்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "முப்பது வருசமா பீடி குடிச்சு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டாரு. தானா தேடிக்கிட்ட சீக்குக்கு அரசாங்கம் ஏன் செலவு பண்ணணும்? அது நம்ம எல்லாருடைய பணம்தானே?" கேட்கிறவர்களில் பாதிப்பேர் பீடி குடிக்கிறவரோட வீட்டுக்காரம்மாதான்! அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கணக்கும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. புகையிலை நோய்களால் 2017-18ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் 1,77,341 கோடி ரூபாய் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. புகையிலை மேல் வந்த கலால் வரி அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே 'நான்தான் வரி கட்டுறேனே' என்று பீடி குடிக்கிறவர் சொன்னால் அது எடுபடாது. இங்கிலாந்தில் யார்க் பகுதியில் 2016ல், புகைப்பவர்களுக்கு அவசரமில்லாத ஆபரேஷனை ஆறு மாதம் வரை தள்ளிப்போடலாம் என்று திட்டமிட்டார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

சரி, நம்ம ஊரிலும் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? யோசித்துப் பார்ப்போம்.

பீடியே தொடாத பெண்களுக்கும் பீடி குடிக்கிறவருக்கு வருகிற அதே மூச்சிரைப்பு நோய் வருகிறது. விறகடுப்புப் புகைதான் காரணம். ஆஸ்பத்திரியில் "நீயா ஊதிக்கிட்ட புகைதானே, கேஸ் அடுப்பு வாங்கியிருக்கலாமே" என்று அந்த அக்காவைத் திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்வோமா? மருந்தடிக்கும்போது மூக்கை மூடாமல் அடித்தவர், சிவகாசியில் பட்டாசு வேலைக்குப் போய் தீக்காயம் பட்டவர், சத்திரப்பட்டி தறியில் பஞ்சுத்தூசி சாப்பிட்டவர்... குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தால் ஏழைபாழைகள் ஒருத்தருக்கும் கட்டில் கிடைக்காது.

காசநோயைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்த ஓர் ஆய்வு 2003ல் வெளிவந்தது. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குக் காரணம் புகைப்பழக்கம் என்றது அது. அவருக்கு வைத்தியம் இல்லை என்று விட்டுவிட்டால் அவர் எங்கே போய் இருமுவார்? நம் வீட்டில்தான், குழந்தை பக்கத்தில் படுத்துக்கொண்டு.

இன்னொரு விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்பது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. அவர் புற்றுநோய்க்குச் செலவு செய்தது போக மிச்சம் இருப்பதுதான் அந்த வருடம் உங்கள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு. இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அட்டை செல்லாது என்று சொல்லிவிட்டால் மட்டும் அவர் சும்மா கிடப்பாரா, நாம்தான் சும்மா விடுவோமா? தோடு அடகுக்குப் போகும். அப்புறம் கந்துவட்டி. தண்டனை அவருக்கு என்று சொல்லி வட்டி கட்டுவது நாம்.

குழுக்களுக்குள்ளேயும் இந்தச் சண்டை வருகிறது. வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி என்று ஒரு உறுப்பினர் அவசரக் கடன் கேட்கிறார். "பீடிக்காரருக்கா கடன்?" என்று நாலு பேர் முணுமுணுக்கிறார்கள். எங்கள் கருத்து வெளிப்படையானது. கடன் கேட்பவர் உறுப்பினர். சேமிப்பு, திருப்பிச் செலுத்துதல் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரின் வாயில் என்ன இருந்தது என்று பார்க்காதீர்கள்.

கோபத்தை வேறு பக்கம் திருப்பலாம். பீடிக்கான ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்தில் இருந்து 18ஆகக் குறைக்க 2025 செப்டம்பரில் முடிவெடுத்தார்கள். வைத்தியத்துக்கு ஒரு கையில் கொடுத்து, மறு கையில் பீடியை மலிவாக்குவது என்ன நியாயம்? 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக்கூடாது என்று 2003ல் வந்த சட்டம் சொல்கிறது. நம்ம பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையை அளந்து பார்த்திருக்கிறோமா? கிராமசபையில் கேட்கலாமே.

வீட்டிலும் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 20 ரூபாய் பீடி என்றால் வருடத்துக்கு 7,300 ரூபாய். நம் சேமிப்பு மாதம் 100 என்றால், ஆறு வருடச் சேமிப்பை ஒரே வருடத்தில் ஊதித் தள்ளுகிறார்! நோய் வந்த பிறகு விட்டாலும் பலன் உண்டு, மருந்து நன்றாக வேலை செய்யும். விட நினைப்பவர்கள் 1800112356 என்ற இலவச எண்ணில் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கும், வாய்ப்புண் ஆறாமல் இருந்தாலோ குரல் கம்மினாலோ டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். வைது கூட்டிப்போனாலும் பரவாயில்லை.

காப்பீட்டு அட்டை எடுக்காத உறுப்பினர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் தயார் செய்து வையுங்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் ஊக்குநர்கள் பெயர்ப் பட்டியல் கொடுத்தால், விருதுநகர் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போய்வரலாம்.