கணேஷ்கிண்ட் சாலையில் ஒரு யூகம்





ஒவ்வொரு சட்டமும், அதன் வாசகம் கட்டளையாகவே ஒலித்தபோதிலும், ஜனங்கள் இன்னவாறு நடந்துகொள்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு ஜோசியமே ஆகும். ஜோசியம் பொய்த்தால் ஜோசியரைக் கடிந்துகொள்ளும் நாம், சட்டம் பொய்த்தால் மட்டும் ஜனங்களைத் தண்டிக்கிறோம்.

1897 பிப்ரவரியில், நான்கே பிரிவுகளுடன் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. பிளேக் பரவிய புனே நகரில் அதை அடக்கும் கமிட்டித் தலைவராக வந்த ராண்ட் துரை, வெள்ளைச் சிப்பாய்களை வீடுதோறும் அனுப்பிச் சோதனையிட்டால் நோயாளிகள் அகப்படுவார்கள், அகப்பட்டால் நோய் அடங்கும் என்று கணக்கிட்டார். பூட்ஸ் காலோடு பூஜையறைக்குள் நுழைகிறவனிடம் எந்தத் தாய் தன் காய்ச்சல்காரப் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பாள் என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை. நோயாளிகள் ஒளிக்கப்பட்டார்கள், நோயைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடே அதற்கு மறைவிடம் தேடித் தந்தது. ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைரவிழா வைபவம் முடிந்து கணேஷ்கிண்ட் கவர்னர் மாளிகையிலிருந்து திரும்புகையில், ராண்ட், அந்தச் சோதனைகளால் கொதித்த சாபேகர் சகோதரர்களின் குண்டுக்கு இலக்கானார். கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை, யூகம் தவறியதைத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும், ஜனங்களைக் கேட்டிருந்தால் வழி தெரிந்திருக்கும்: எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துவிடுவது இமயத்தின் குமாவூன், கட்வால் மலைநாட்டு ஜனங்களின் பழைய வழக்கம். 1898இல் சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், எலியின் மேலுள்ள தெள்ளே நோயைக் கடத்துகிறது என்று கராச்சியில் கண்ட பிறகுதான் அவ்வழக்கத்தின் தர்க்கம் சாஸ்திரத்துக்குப் புரிந்தது.

1930இல் இதே புனேயில் தோன்றிய பொருளாதார ஆய்வு நிறுவனமான கோகலே கழகத்தின் முதல் இயக்குநர் காட்கிலும், ராண்டைப் போல வீடு வீடாக ஆள் அனுப்பியவர்தாம். ஆனால் அவர் அனுப்பிய ஆட்கள் ஒவ்வொரு குடும்பத்தின் தொழில், வருமானம், வாடகை ஆகியவற்றை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். விதி எழுதப்போகும் சட்ட மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் அப்படி ஒரு திண்ணையில் உட்காருவீர்களோ!

இன்றும் சட்டத்தின் யூகம் பொய்க்கத்தான் செய்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணியவேண்டும் என்கிறது. இன்று காலை நான் வந்த வழியில், முன்னே போன இளைஞரின் கவசம் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிக்னலில் போலீஸ்காரரைக் கண்டதும் தலைக்கு ஏறியது. திருப்பம் தாண்டியதும் மறுபடி முழங்கைக்கே இறங்கிற்று.