பஸ் வரவில்லையா? கணக்கைக் கேளுங்கள்!

  

நம் ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பஸ் நின்றுவிட்டால் உடனே ஒரு மனு எழுதுவோம். ஐம்பது பேர் கையெழுத்துப் போடுவோம். அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, "அந்தத் தடத்தில் கலெக்‌ஷன் இல்லை பாய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நாமும் திரும்பி வந்துவிடுவோம்.

சிந்தித்துப் பாருங்கள்! கலெக்‌ஷன் இல்லை என்று அவர் எதைப் பார்த்துச் சொன்னார்? அந்தக் கணக்கை நமக்குக் காட்டினாரா? காட்டுங்கள் என்று நாமாவது கேட்டோமா?

வியாபாரிகளே! உங்கள் கடையில் சரக்கு ஓடவில்லை என்று கணக்குப்பிள்ளை வந்து சொன்னால், பேரேட்டை எடுத்து வா என்றுதானே சொல்வீர்கள்? அரசு பஸ்ஸும் மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு கடைதான். அதற்கும் பேரேடு இருக்கிறது. எந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று நடத்துநர்கள் பல்லாண்டுகளாக வே-பில்லில் எழுதி வந்தார்கள். இன்று டிக்கெட் எந்திரமே அதைப் பதிவு செய்கிறது. ஆகவே "கணக்கு இல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏறியவர் கணக்கும் ஏற முடியாதவர் கணக்கும்

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. டிக்கெட் கணக்கு, பஸ்ஸில் ஏறியவர்களை மட்டுமே எண்ணும். ஏற முடியாமல் போனவர்களை அது எண்ணாது. ஒரு கிராமத்தில் காலை 7 மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பஸ் 9 மணிக்கு. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளை அதில் போனால் முதல் வகுப்பு போய்விடும். சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போகும் சிறு வியாபாரி அதில் போனால் நல்ல சரக்கு முடிந்திருக்கும். ஒருவர் ஷேர் ஆட்டோவுக்கு மாறுகிறார். ஒருவர் கடன் வாங்கி இரு சக்கர வாகனம் வாங்குகிறார். அந்தப் பெண் பிள்ளையோ வீட்டோடு நின்றுவிடுகிறாள். 9 மணி பஸ்ஸிலும் கூட்டம் குறைகிறது. கலெக்‌ஷன் இல்லை என்று அதற்கும் ஆபத்து வருகிறது! நோயை உண்டாக்கிவிட்டு, நோயாளி மெலிந்துவிட்டான் என்று குறை சொல்வது போன்றது இது.

ஆகவே, எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்ற கணக்கோடு, எத்தனை பேருக்கு பஸ் எட்டவில்லை என்ற கணக்கையும் சேர்த்து வைக்க வேண்டும். அந்த இரண்டாவது கணக்கும் அரசிடமே இருக்கிறது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் கிராம வசதிப் பட்டியலில், ஒவ்வொரு கிராமத்துக்கும் அரசு பஸ் வசதி உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறதா, 5 முதல் 10 கிலோமீட்டருக்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று பதிந்திருக்கிறார்கள். இணையத்தில் யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். பழைய கணக்குதான். அதனால் இன்றைய நிலையை ஊரில் நேரில் விசாரித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு எவ்வளவு வலிமை என்பதை நம் சமுதாயம் அறியும். 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி ராஜீந்தர் சச்சார் குழுவின் அறிக்கை, முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் குடிநீர், பள்ளி, வங்கி, சாலை, போக்குவரத்து ஆகிய வசதிகள் குறைந்திருப்பதை எடுத்துக்காட்டியது. அதுவரை நம்முடைய புலம்பல் என்று ஒதுக்கப்பட்டது, அதன் பிறகு நாடே விவாதிக்கும் பொருளாயிற்று. காரணம், அது அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கொண்டு பேசியது.

இன்னொரு சான்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பணம் வாங்காவிட்டாலும் டிக்கெட் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கு இருந்ததால்தான், பயணிகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாக உயர்ந்தது என்று 2022 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அரசு சொல்ல முடிந்தது. இதில் நமக்கொரு பாடம் உண்டு. காசு இல்லாத டிக்கெட்தானே என்று நம் தாய்மார்களும் சகோதரிகளும் வாங்காமல் விட்டுவிடக் கூடாது. வாங்காத டிக்கெட், கணக்கில் இல்லாத பயணி! வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது?

தமிழ்நாடு 1997-லேயே தகவல் பெறச் சட்டம் செய்த மாநிலம். நாடு முழுவதற்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவல்களை வெளியிட வேண்டும் என்று அரசு நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கிறது. டெல்லி அரசு 2018-ல் பஸ் தடங்கள், நிறுத்தங்கள், நேரங்கள் ஆகியவற்றை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் திறந்துவிட்டது. ஆகவே முடியாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது.

உங்கள் தடத்தின் கணக்கு வெளியிடப்படவில்லையா? ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவை இவைதாம்: இந்தத் தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை? சென்ற மூன்று மாதங்களில் நாள்தோறும் ஓடியவை எத்தனை? ரத்தானவை எத்தனை, என்ன காரணத்தால்? ஒவ்வொரு நடையிலும் ஸ்டேஜ் வாரியாகக் கொடுத்த டிக்கெட் எத்தனை, அதில் பெண்களின் கட்டணமில்லா டிக்கெட் எத்தனை? மாற்றுத்திறனாளிகள் ஏறக்கூடிய தாழ்தள பஸ் இந்தத் தடத்தில் உண்டா?

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது.

ஒன்றில் கவனமாக இருங்கள். நாம் கேட்பது தலைக்கணக்கு. ஆளின் பெயரை அல்ல. பயண அட்டையும் கைப்பேசிக் கட்டணமும் பெருகும் காலம் இது. யார், எந்த நேரம், எங்கே போனார் என்ற விவரம் எவர் கைக்கும் போகக் கூடாது. எண்ணிக்கை ஊருக்குச் சொந்தம். அவரவர் பயணம் அவரவருக்குச் சொந்தம்.

இளைஞர்களே! பதில் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஒரு வாரம் நிறுத்தத்தில் நின்று, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று நோட்டில் குறியுங்கள். நடத்துநரோடு தகராறு வேண்டாம். அவர் போட்ட உத்தரவில் ஓடுபவர். வணிகர்களே! எழுதும் பிள்ளைகளுக்கு நகல் செலவையும் தபால் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நம் தெருவுக்கு மட்டும் என்று கேட்காதீர்கள். அதே தடத்தில் உள்ள காலனிக்கும் பக்கத்து கிராமத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். நம் தெருவுக்கு வரும் பஸ் அவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் வரும்.

அடுத்த முறை அதிகாரியின் மேசைக்குப் போகும்போது கையெழுத்துக் காகிதத்தோடு மட்டும் போகாதீர்கள். அவருடைய கணக்கை ஒரு கையிலும் உங்கள் நோட்டை மறு கையிலும் கொண்டு போங்கள். "கலெக்‌ஷன் இல்லை" என்று அவர் சொன்னால், எந்த மாதம், எந்த நடை, எத்தனை டிக்கெட் என்று கேளுங்கள். அதன் பிறகு அவரால் ஒரே வரியில் முடிக்க இயலாது.