சேலைக்குள் ஓர் ஆள் வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், சிம்பாங் அம்பாட்டைச் சேர்ந்த நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



‘ஆடையே கதை சொல்லும் குறும்படங்கள்’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நேரத்தில் ஒரு துணிக்கடைக்காக இரண்டு நிமிடப் படம் எடுத்தேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பெண் நடந்து வருவார். மொத்தம் ஏழு சேலைகள். கடைக்காரருக்குத் திருப்தி. வீட்டில் பாட்டியிடம் காட்டினேன். பார்த்து முடித்ததும் அவர் கேட்டார்: “யாரும்மா இந்தப் பொண்ணு? இத்தனை சீலைய மாத்திக்கிட்டு எங்கதான் போவுது?”

என்னிடம் பதில் இல்லை. பொதுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள் நான். ஆனாலும் யார், எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் மறந்திருந்தேன்.

பிராடா நிறுவனம் 2012-இல் ‘எ தெரபி’ என்ற குறும்படத்தை வெளியிட்டது. ரோமன் பொலான்ஸ்கி இயக்கிய அந்தப் படம் நான்கு நிமிடம்கூட ஓடாது. மனநல ஆலோசகரிடம் ஒரு சீமாட்டி வருகிறார். ரோம மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, சாய்ந்து படுத்துத் தன் கவலைகளைக் கொட்டுகிறார். ஆலோசகரின் காதில் எதுவும் விழவில்லை. கண்ணெல்லாம் அந்த மேலங்கி மீதுதான். கடைசியில் மெல்ல எழுந்து, அதைத் தாமே போட்டுக்கொள்கிறார். இதுவும் விளம்பரம்தான். ஆனால் அந்த அங்கியை எடுத்துவிட்டால் கதையே இல்லை. என் படத்திலோ ஏழு சேலைகளுக்குப் பதில் வேறு ஏழு கட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

அந்த ஆலோசகராக நடித்த பென் கிங்ஸ்லிதான், 1982-இல் வெளிவந்த ‘காந்தி’ படத்தில் காந்தியாக நடித்தவர். அதன் ஆடை வடிவமைப்புக்காக ஜான் மோலோவுடன் 1983-இல் ஆஸ்கார் விருது பெற்ற பானு அதையா, அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர். கோட்டும் டையுமாக ரயிலில் பயணம் செய்யும் வழக்கறிஞர், பின்னர் முழங்கால் வரையிலான வேட்டிக்கு மாறிவிடுகிறார். காந்தி நிஜ வாழ்க்கையில் அந்த முடிவை எடுத்த இடம் மதுரை. நாள் 1921 செப்டம்பர் 22.

நம் நாட்டுத் தமிழரைக் களமாகக் கொண்டு 2016-இல் வந்த ‘கபாலி’யிலும் கோட் வெறும் அலங்காரம் அல்ல. காந்தி மேலாடையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் கோட் அணிந்ததற்கும் காரணம் உண்டு என்று அப்படம் பேசியது. ஒருவர் கழற்றினார், மற்றவர் அணிந்தார். இரண்டுமே முடிவுகள். அந்த முடிவில்தான் கதை பிறக்கிறது.

இதையெல்லாம் யோசித்த பிறகு பாட்டியிடம் கேட்டேன்: “தோட்டத்துல வேலைக்கு என்ன உடுத்துவீங்க பாட்டி?”

சேலைக்கு மேல் தாத்தாவின் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. சட்டை முழுக்கப் பால் கறை. எவ்வளவு துவைத்தாலும் போகாது. “அந்தச் சட்டை எங்கே?” என்றேன். “அதையெல்லாம் யாரு வச்சிருப்பா? கிழிஞ்சா கரித்துணி” என்றார்.

அவர் பெட்டியில் கூரைச்சேலை மட்டும் இருக்கிறது. ஒரு நாள் உடுத்தியது பத்திரமாக இருக்கிறது. முப்பது ஆண்டுகள் உடுத்தியது அடுப்படியோடு போய்விட்டது. நம் தீபாவளிப் படங்களும் அந்தப் பெட்டியைப் போலத்தான். பட்டு இருக்கிறது, உழைத்த ஆள் இல்லை.

இன்னொரு படம் எடுக்க நினைத்தேன். தீபாவளிக்கு முதல் நாள், ஒரு பெண் பால் கறைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். மறுநாள் புதுச்சேலை. அடுத்த நாள் விடியலில் மறுபடியும் அதே சட்டை. கதை இவ்வளவுதான். “பழைய சட்டையைப் பார்த்து யார் துணி வாங்குவார்கள்?” என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். சொந்தச் செலவில் எடுத்தேன்.

பாட்டி பார்த்தார். இந்த முறை ‘யார்’ என்று கேட்கவில்லை. “கைப் பொத்தானப் போடல பாரு. கொசு புடுங்கி எடுத்துடும்” என்றார்.

அந்தக் காட்சியை மீண்டும் எடுத்தேன், பொத்தானைப் போட்டு.

இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. இளைஞர்களே, படம் பிடிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் வேலைக்கு என்ன உடுத்தினார்கள் என்று கேளுங்கள். துணி போய்விட்டது. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.